பழைய பதிவேட்டுப் பிரிவை மூடவிடாமல் தடுக்க மனு திரட்டிய அனுபவம்

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைத் தேடி நகல் எடுத்துத் தருகிற ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. பூர்விகம் தேடுகிறவர்களுக்கு அதைவிட்டால் வேறு கதி இல்லை. அதை மூடப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, வாரத்தில் இரண்டு நாள் திறந்திருக்கும் என்று எழுத்துமூலம் பதில் வாங்கும்வரை பெரும்பாலும் தனியாகவே அலைந்தேன். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் எங்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் ஒரு மனுவை எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது, கையெழுத்தை எப்படி வாங்குவது என்று சொல்லித்தர அன்றைக்கு ஒருவரும் இல்லை. நாளைக்கு காரைக்காலிலோ கடலூரிலோ யாராவது இதேபோல நிற்க நேர்ந்தால் அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அம்மாவின் பிறந்த வீட்டுச் சொத்தில் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. பாட்டி இன்னாருடைய மகள்தான் என்று நிரூபிக்க அவருடைய பிறப்புப் பதிவின் சான்றொப்ப நகல் வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னார். பாட்டி பிறந்தது 1930-களில், பாகூர் கொம்யூனில், அதாவது பாகூர் உள்ளாட்சிப் பகுதியில், ஒரு சிற்றூர். வாழ்க்கைப்பட்டது கடலூர்ப் பக்கம். அந்தப் பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புதுச்சேரி ஊர்களும் கடலூர் மாவட்ட ஊர்களும் பின்னிக் கிடக்கும். வரப்புக்கு இந்தப்புறம் பிறந்த குழந்தைக்குப் பிரெஞ்சில் பதிவு. அந்தப்புறம் பிறந்த குழந்தைக்குச் சென்னை மாகாணப் பதிவு. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு அரசாங்கம், தங்கைக்கு ஒரு அரசாங்கம்.

நகலுக்கு மனுக் கொடுக்கப் போனபோதுதான் செய்தி தெரிந்தது. "இந்த மாதத்தோடு சரி அம்மா. பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் ஓய்வு பெறுகிறார். அறை வேறு பிரிவுக்குப் போகிறது. பதிவேடுகளைக் கட்டி வைக்கப்போகிறோம்" என்றார் எழுத்தர். எங்கே கட்டி வைப்பீர்கள் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். எங்கள் வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும்; எழுத்தர் சொன்னதற்கு முன் அவர் விரித்துக் காட்டிய அந்தப் பதிவேடு கண்ணுக்குள்ளேயே இருந்தது.

அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அகலமான ஏடு, பழுப்பேறிய தாள், சாய்ந்த கையெழுத்தில் பிரெஞ்சு. ஓரத்தில் பதிவு எண், அதன் கீழ் குழந்தையின் பெயர். நடுவில் ஒரு நீண்ட வாசகம்: இன்ன ஆண்டு, இன்ன நாள், காலை இத்தனை மணிக்கு எங்கள் முன் ஆஜரான இன்னார், வயது இவ்வளவு, பயிர்த்தொழில், இன்ன ஊர்வாசி, ஒரு பெண் குழந்தையைக் காட்டி அறிவித்தார் என்று போகும். கடைசியில் சாட்சிகள். அந்தப் பிரெஞ்சு வரிகளுக்குக் கீழே, கோணல்மாணலாக, அழுத்தி எழுதிய தமிழ்க் கையெழுத்து. குழந்தையின் தகப்பன் போட்டது. எழுத்துக்கூட்டி எழுதக் கற்றிருந்த ஒரு உழவன் அதிகாரி எதிரில் நின்று தன் பெயரை எழுதியிருக்கிறான். ஆண்டுக் கடைசியில் அகரவரிசைப் பட்டியல் உண்டு, பத்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய பட்டியல் உண்டு. ஆனால் பட்டியலைத் திறந்துவிட்டால் பெயர் கிடைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. லட்சுமி, ராமசாமி, கனகராசு எல்லாமே பிரெஞ்சுக் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டவை. ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடினால் அகப்படாது. பழகிய கண் வேண்டும். ஓய்வு பெறவிருந்தவரிடம் அந்தக் கண் இருந்தது.

முதல் பாடம் இதுதான்: வாய்வழிச் செய்தியை எதிர்த்து மனுப் போட முடியாது. மூடுவதற்கான ஆணை ஏதாவது காகிதத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவர் மேலிடத்து உத்தரவு என்றார், இன்னொருவர் அப்படி ஒன்றும் இல்லையே என்றார். எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் விண்ணப்பித்தேன். கட்டணம் 10 ரூபாய், அஞ்சல் ஆணையாகக் கொடுத்தேன். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. "ஏன் மூடுகிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, கோப்பில் இருப்பதைத்தான் பொதுத் தகவல் அலுவலர் தரவேண்டுமே தவிர, காரணம் கற்பித்துச் சொல்ல அவருக்குக் கடமை இல்லை. ஆகவே ஆவணமாகக் கேளுங்கள்: இந்தப் பிரிவு தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், கடந்த ஐந்து ஆண்டுகளில் நகல் கேட்டு வந்த விண்ணப்பங்களின் ஆண்டுவாரி எண்ணிக்கை, பதிவேடுகளின் இருப்புப் பட்டியல், அவற்றை எங்கே மாற்றப்போகிறார்கள் என்பதற்கான கடிதப் போக்குவரத்து. அலுவலகம் தவறானது என்றால் பயப்பட வேண்டாம், ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. பதில் வராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதற்கும் மேலே புதுச்சேரிக்கு தில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். எனக்கு முதல் மேல்முறையீட்டிலேயே தாள்கள் வந்துவிட்டன. மூடச் சொல்லி ஆணை எதுவும் இல்லை. காலியாகும் பணியிடத்தை நிரப்பத் தேவையில்லை என்ற ஒரு குறிப்பும், அறையை ஒதுக்கக் கேட்ட ஒரு கடிதமும்தான் இருந்தன. "யாரும் வருவதில்லை" என்று எல்லோரும் சொன்ன பேச்சை அந்த விண்ணப்ப எண்ணிக்கையே பொய்யாக்கியது.

அந்தத் தாள்கள் வரும்வரை பட்டபாடு பெரிது. வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. "உன் நகலை எப்படியாவது வாங்கிக்கொள், ஊர் பிரச்சினை உனக்கு எதற்கு" என்றார் என் கணவர். ஒரு இடைத்தரகர் ஆறாயிரம் கொடுத்தால் நகல் கைக்கு வரும் என்றார். மறுத்துவிட்டேன். ஆனால் இரவில் படுத்தால் தூக்கம் வராது; வழக்கில் வாய்தாமேல் வாய்தா, ஒவ்வொன்றுக்கும் வழக்கறிஞர் கட்டணம். பள்ளியில் விடுப்பு முடிந்து சம்பளப் பிடித்தம் தொடங்கிவிட்டது. அதை எல்லாம்விட, இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்கிற அந்த அலட்சியக் குரல்தான் என்னை அதிகம் நோகடித்தது.

மனுவை யாருக்கு எழுதுவது என்பதில்தான் பாதி வெற்றி. துணைநிலை ஆளுநர், முதல்வர், அமைச்சர், தலைமைச் செயலர், ஆட்சியர் என்று எல்லோர் பெயரையும் பெறுநரில் போட்டால், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று "உரிய நடவடிக்கைக்கு" அனுப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். கோப்பில் யார் கையெழுத்திட்டால் பணியிடம் நிரம்பும், யார் சொன்னால் அறை நிற்கும் என்று அந்தக் குறிப்புப் பக்கங்களைப் படித்தே கண்டுபிடித்தேன். அந்த ஒருவருக்கு மனு, மற்றவர்களுக்கு நகல். பொருள் என்ற இடத்தில் ஒரே வரி: பிரெஞ்சுக்காலப் பதிவேட்டுத் தேடுதல் பிரிவை வாரம் இரண்டு நாளாவது தொடர்ந்து நடத்தக் கோருதல். பாரம்பரியத்தைக் காப்பது, எண்ணிம வடிவில் ஏற்றுவது, புதிய கட்டடம் கட்டுவது என்று பத்துக் கோரிக்கைகளை அடுக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். ஒரு அதிகாரி தன் அதிகாரத்துக்குள் நாளைக்கே செய்யக்கூடியதைக் கேட்டால்தான் அவரால் முடியாது என்று சொல்ல முடியாமல் போகும். கூடவே வழியையும் எழுதினோம்: ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர்களை மதிப்பூதியத்தில் அமர்த்தலாம், தேடுதல் கட்டணத்தைச் சற்றே உயர்த்தலாம்.

"எழுதினோம்" என்கிறேனே, அந்த இரண்டாவது ஆள் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கண்பார்வை குறைந்தவர். மனுவை வாசிக்கக் கேட்டுவிட்டு, "இதில் கோபம் இருக்கிறது, வேண்டியதுதான். ஆனால் இரண்டாம் பக்கத்தில் வை. முதல் பக்கத்தில் யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்" என்றார். அதன்படி முதல் பக்கம் முழுக்க ஆட்கள்: என்னைப்போல் பாகப்பிரிவினைக்கு வந்தவர்கள், பாட்டன் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரராக, இருந்ததைக் காட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமை ஆவணம் சேர்ப்பவர்கள், 1853-இல் பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்குக்கு முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் போன காலம் தொட்டு ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் ஏற்றிச் செல்லப்பட்ட நம் ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள், ஒரு பெயரையும் ஒரு ஊரையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள்.

இவர்களோடு நின்றிருந்தால் இது ஏதோ பிரான்ஸ் ஓய்வூதியக் குடும்பங்களின் விவகாரம் என்று ஒதுக்கியிருப்பார்கள். மனுவின் முகத்தையே மாற்றியவர்கள் வில்லியனூர்ப் பக்கத்துச் சேரிப் பெண்கள். புதுச்சேரியில் அட்டவணை இனச் சலுகைக்குப் பூர்விகம், குடிபெயர்ந்தவர் என்று இரண்டு வகை உண்டு. அட்டவணை இனங்களுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1964 மார்ச் 5. அன்றைக்குத் தங்கள் குடும்பம் இங்கே இருந்தது என்று காட்டினால்தான் பூர்விகச் சான்றிதழ். நிலம் இல்லாதவர்களுக்குப் பட்டா ஏது, பத்திரம் ஏது? தாத்தாவின் பிறப்புப் பதிவுதான் ஒரே ஆதாரம். கல்லூரி இடத்துக்காக மகளின் சான்றிதழோடு அலைந்த ஒரு அக்கா தன் கதையைச் சொல்ல, நான் எழுதி, அவர் கையெழுத்திட்டார். அந்த ஒரு பக்கம் நூறு கையெழுத்துக்குச் சமம். ஆகவே கையெழுத்து திரட்டும் முன், நீங்கள் காக்க நினைக்கிற சேவை யாரையெல்லாம் தாங்குகிறது என்று உங்கள் வட்டத்துக்கு வெளியே போய்க் கேளுங்கள்.

கையெழுத்து வாங்குவது பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கை முழுமையாக அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால், வெற்றுத் தாளில் வாங்கி இணைத்துவிட்டார்கள் என்று சொல்ல இடம் கொடுத்தவர்களாவோம். பெயர், ஊர், தொழில், கையெழுத்து, தேதி போதும். ஆதார் எண்ணைக் கேட்கவே கூடாது. கேட்டால் மக்கள் பயந்து விலகுவார்கள், பயப்படுவதும் நியாயம். கைநாட்டு வைப்பவர்களுக்குப் பக்கத்திலேயே சாட்சி கையெழுத்து வேண்டும். தாள்களுக்கு வரிசை எண் போட்டு, ஒவ்வொரு நாளும் படம் எடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் நின்று பார்த்தேன். கூட்டம் உண்டு, நின்று கேட்கிறவர் குறைவு. மாறாக, பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்தபோது, கடைக்காரர் தன் அப்பாவின் பதிவைத் தேடி அலைந்த கதையை எல்லோருக்கும் கேட்க உரக்கச் சொன்னார். மாலைக்குள் தாள் நிறைந்தது. தெரிந்தவர் ஒருவர் நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று அன்று கண்டேன். ஓய்வூதியம் வாங்கும் சில சொல்தா குடும்பங்கள் கையெழுத்திட மறுத்தன. பெயர் வெளியே தெரிந்தால் பணம் நின்றுவிடுமோ என்ற அச்சம். அவர்களை நான் வற்புறுத்தவில்லை; மனம் மட்டும் வலித்தது.

கட்டுகளை மூன்றாகப் பிரித்தேன். புதுச்சேரிவாசிகள் ஒரு கட்டு, கடலூர் மாவட்டத்தில் வசிக்கும் உறவினர்கள் ஒரு கட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்கள் ஒரு கட்டு. எல்லாவற்றையும் கலந்து கொடுத்தால், "வெளியூர்க்காரர்கள்தானே" என்று மொத்தத்தையும் தள்ளிவிட இடம் உண்டு. பிரித்துக் கொடுத்தால் உள்ளூர்க் கட்டின் கனம் தனியாகத் தெரியும், மற்ற இரண்டும் அதற்குத் துணை நிற்கும்.

சட்டத்தைத் தேடிப் படித்தது எனக்குத் தெம்பு கொடுத்தது. பொது ஆவணங்கள் சட்டம், 1993 என்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசுக்கு மட்டுமல்ல, ஒன்றியப் பிரதேச நிர்வாகங்களுக்கும் அது பொருந்தும். 1892-ஆம் ஆண்டுக்கு முன் உருவான ஆவணத்தை, ஆவணக் காப்பகத் தலைமை பயன்படுத்தவே முடியாத நிலையில் சிதைந்துவிட்டது என்று கருதினால் ஒழிய, அழிக்கக் கூடாது என்று அதன் எட்டாம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. எங்கள் பதிவேடுகளில் அதற்கு முந்தியவை இருக்கின்றன என்பதை இருப்புப் பட்டியலே காட்டியது. இதை மிரட்டலாக எழுதவில்லை. "இச்சட்டப்படி தங்களுக்குள்ள பொறுப்பைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று ஒரே வாக்கியம். கூடவே மழையையும் எழுதினோம். 2014 நவம்பர் மழையில் கடற்கரையோர மேரி கட்டடம், பிரெஞ்சுக்கால நகர்மன்றம், இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இங்கே கரை கடந்தபோது வீடுகளுக்குள் நின்ற தண்ணீரை யாரும் மறக்கவில்லை. மூட்டையாகக் கட்டிய காகிதம் ஒரு கார்த்திகை மழைக்குத் தாங்காது.

சந்திப்பின்போது அதிகாரி ஒரு கேள்வி கேட்டார்: இவையெல்லாம் பிரான்சிலேயே இருக்கின்றனவாமே, இணையத்திலும் கிடைக்கிறதாமே? நியாயமான கேள்விதான், பதில் தயாராக இருந்தது. 1776-இல் வந்த அரச ஆணையின்படி குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு ஒரு படி பிரான்சுக்குப் போனது உண்மை. எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் கடல்கடந்த நாடுகளின் காப்பகத்தில் அவை இருக்கின்றன. பழைய ஆண்டுகளை இணையத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம், தேடுகிறவர்கள் கட்டாயம் அங்கே முதலில் பாருங்கள். ஆனால் என் பாட்டியின் ஆண்டு எனக்கு அங்கே கிடைக்கவில்லை. நாந்த் நகரில் உள்ள மத்தியப் பதிவகமோ பிரெஞ்சுக் குடிமக்களுக்கானது. கிடைத்தாலும், கணினித் திரையில் தெரியும் படத்தை வைத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ நிற்க முடியுமா? முத்திரையிட்ட சான்றொப்ப நகல் இங்கிருந்துதான் வர வேண்டும். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தச் சேரி அக்காவின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார்.

மனுவைக் கையில் கொடுத்துவிட்டு வணக்கம் வைத்து வந்துவிடாதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரையும் வரிசை எண்ணும் வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் பின்னால் எதையும் கேட்க முடியாது. அசல் கையெழுத்துத் தாள்களை நகல் எடுத்து வைக்காமல் ஒருபோதும் கொடுக்காதீர்கள். சட்டமன்றம் கூடுவதற்குச் சில வாரங்கள் முன்பே உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இரண்டு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்துவையுங்கள். கேள்வி எழுப்பப்போகிறார் என்ற பேச்சே கோப்பை நகர்த்துகிறது. மாதம் ஒருமுறை அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம். நேரில் போகும்போது தனியாகப் போகாமல் இன்னும் இருவரைக் கூட்டிப் போங்கள். பேசியதை அன்றைக்கே எழுதி, "இன்று தாங்கள் தெரிவித்தபடி" என்று கடிதமாக அனுப்பிவிடுங்கள்.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். அச்சு, நகல், அஞ்சல், பெட்ரோல், பாகூருக்கும் வில்லியனூருக்கும் ஆட்டோ என்று ஏறக்குறைய ஒன்பதாயிரம். சம்பளப் பிடித்தம் அதைவிட அதிகம். வாய்தாக்களுக்குக் கொடுத்தது தனிக் கணக்கு. ஐந்தாறு பேர் ஆரம்பத்திலேயே சேர்ந்து பங்கிட்டிருந்தால் ஒருவருக்கும் சுமை தெரிந்திருக்காது. நன்கொடை வாங்கினால் சின்ன நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் பற்றிய ஒரு வதந்தி போதும், முழு வேலையும் பாழாகிவிடும்.

கடைசியில் கிடைத்தது முழு வெற்றி அல்ல. அறை குறுகிவிட்டது. செவ்வாயும் வியாழனும் மட்டும் திறக்கிறார்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒருவரை மதிப்பூதியத்தில் ஓராண்டுக்கு அமர்த்தியிருக்கிறார்கள். ஐயாவின் பழைய மாணவர்தான். பதிவேடுகள் இரும்பு அலமாரிகளில், தரையிலிருந்து உயர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. பாட்டியின் நகல் கிடைத்து வழக்கில் தாக்கல் செய்துவிட்டோம். அந்த ஓராண்டு ஆணை நீட்டிக்கப்படாவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான், எனவே ஆணை முடிவதற்கு மூன்று மாதம் முன்பே நீட்டிப்புக் கேட்டு அடுத்த மனு போகும். இந்த முறை பாகூர்த் தேநீர்க்கடைக்காரரும் வில்லியனூர் அக்காவும் முதல் வரிசையில் இருக்கிறார்கள். நகல் வேண்டுபவர்கள் போகும்போது பெயர், தகப்பனார் பெயர், கொம்யூன், பிறந்த ஆண்டு குத்துமதிப்பாகவாவது எழுதிக்கொண்டு காலையிலேயே போங்கள். விண்ணப்பத்துக்கு எண் கேட்டு வாங்குங்கள். அந்த ஆண்டுவாரி எண்ணிக்கையில் நீங்களும் சேர வேண்டும்.